இடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை

சேலத்திலிருந்து 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர் அவர். ஊரில் நிலமில்லாத கூலி. மழை பொய்த்து வேலையும் இல்லாமல் போனதால் கிளம்பியவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி கிடைத்தது. மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு மறைப்புதான் வீடு. அதற்கே அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்த ஒருவர் 2,500 ரூபாய் கறந்துவிட்டார். நூறு நாள் கூலிக்கும் மேலான தொகை அது. மனைவியும், 16, 13, 5 வயதில் மூன்று பெண் பிள்ளைகளும் அந்த மறைப்புக்குள்தான் இருந்தார்கள்.

1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி ஆட்கள் வந்து அதைப் பிய்த்துப் போட்டார்கள். முன்கூட்டி ஒரு நோட்டீஸ் இல்லை. அவரை பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும்கூட அனுப்பினார்கள். மனைவியும் பிள்ளைகளும் சேலத்திலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி ஒரு நடைபாதையில் ஒதுங்கினார். உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு சொல்லும் கதை இது.

பத்து நாள் முன்னால், ஜூலை 13 அன்று, மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு செய்திருந்தார். நடைபாதைவாசிகள் எல்லோரையும் அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்புவது என்று. சொன்ன காரணம், இது மனிதர் வாழும் வாழ்க்கையே இல்லை, மழைக்காலத்தில் இந்த மறைப்புகளுக்குள் இருக்க முடியாது என்பது. இடித்தது அதே மழைக்காலத்தில்.

இப்படி வந்த பல மனுக்களைச் சேர்த்து விசாரித்து, 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதியது. மனுதாரர்களில் ஒருவரான பத்திரிகையாளரின் பெயரால் 'ஓல்கா டெல்லிஸ் வழக்கு' என்று சட்ட வகுப்புகளில் சொல்வார்கள். உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று சொன்ன தீர்ப்பாகத்தான் அது பெயர் வாங்கியது. சரிதான். ஆனால் அதன் இன்னொரு பாதியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒருவரை அவர் இருக்கும் இடத்திலிருந்து பெயர்ப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா, வேண்டாமா என்ற பாதி அது. தாலுகா அலுவலகம், மாநகராட்சி, ரேஷன் கடை, பள்ளி, வேலைபார்க்கும் கம்பெனி என்று எங்கே போனாலும் நமக்கு உதவக்கூடியது அந்தப் பாதிதான் என்று நினைக்கிறேன்.

பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, நடைபாதையில் கட்டியதை ஆணையர் 'முன்னறிவிப்பின்றி அகற்றலாம்' என்கிறது. சட்டமே நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லும்போது நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்பது மாநகராட்சியின் வாதம். நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்த 'லாம்' என்ற இடத்தை. முன்னறிவிப்பின்றி அகற்ற வேண்டும் என்று சட்டம் கட்டளையிடவில்லை, அகற்றலாம் என்று ஓர் அதிகாரத்தைத்தான் கையில் கொடுத்திருக்கிறது. நோட்டீஸ் இல்லாமல் செய்யும் அதிகாரம் அவசர வேளைக்கு. சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்துத்தான் அகற்ற வேண்டும். கொடுக்காமல் செய்தால் அதற்கு என்ன அவசரம் வந்தது என்று அதிகாரிதான் காட்ட வேண்டும். அப்படி வாசித்ததால்தான் அந்தப் பிரிவு செல்லும் என்று விட்டார்கள்.

மாநகராட்சி இன்னொன்றும் கேட்டது. இவர்கள் அத்துமீறி இடம் பிடித்தவர்கள், கூப்பிட்டு விசாரித்தாலும் இவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை நாம் எல்லோருமே ஏதோ ஒரு நேரத்தில் கேட்கிறோம். கையும் களவுமாகப் பிடித்த பிறகு விசாரணை எதற்கு என்று. பதில் சொல்ல எதுவும் இருக்காது என்று முன்கூட்டியே முடிவுகட்டி நோட்டீஸ் கொடுக்காமல் இருப்பது, கேட்கப்படும் உரிமை என்றால் என்ன என்பதையே புரிந்துகொள்ளாத பேச்சு என்று தீர்ப்பு சொன்னது. 1969இல் இங்கிலாந்து நீதிபதி மெகாரி எழுதியதும் இதையேதான். பதிலே சொல்ல முடியாது என்று எல்லோரும் நினைத்த குற்றச்சாட்டுகளுக்கு முழுப் பதில் கிடைத்திருக்கிறது, மறுபேச்சுக்கு இடமில்லை என்ற வழக்குகள் தலைகீழாக மாறியிருக்கின்றன என்றார் அவர்.

அப்படி என்ன பதில் இருக்கும் என்பதற்கு அந்த வழக்கிலேயே ஒரு சான்று உண்டு. மனுதாரர்களில் சிலர் வில்லே பார்லே கிழக்கில் இருந்த காமராஜ் நகர் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பெயரைப் பார்த்தாலே அங்கே குடியிருந்தவர்கள் யார் என்று ஊகிக்கலாம். ஐந்நூறுக்கு மேல் குடிசைகள். அவர்கள் சொன்னது இது: அந்தக் குடியிருப்பு 1960 வாக்கில் உருவானது, உருவாக்கியவர்கள், அந்த நெடுஞ்சாலை ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க ஒரு கட்டுமானக் கம்பெனி வேலைக்கு வைத்திருந்த ஆட்கள். கோப்பில் அவர்கள் 'அத்துமீறியவர்கள்'. வாய் திறந்து பேசவிட்டால்தான் அந்த ஊருக்குத் தண்ணீர் போகக் குழாய் பதித்தவர்கள் என்பது தெரியவருகிறது. அதனால் நிலம் அவர்களுடையது ஆகிவிடாதுதான். ஆனால் எப்போது, எப்படி, மாற்று இடத்தோடா இல்லாமலா என்று முடிவெடுக்கும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லையா?

முடிவு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநகராட்சி தராத வாய்ப்பை, இதோ நாங்களே முழுமையாகக் கேட்டுவிட்டோம் என்றது உச்ச நீதிமன்றம். கேட்டபின், ஆணையர் அகற்ற முடிவெடுத்தது நியாயமே என்று சொல்லிவிட்டது. மழைக்காலம் முடியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, தொடக்கூடாது என்று தவணை மட்டும் கிடைத்தது. 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும், ஆனால் அகற்றுவதற்கு அது முன்நிபந்தனை இல்லை. கொள்கையில் வென்று இடத்தில் தோற்றார்கள். எனக்கு இது இன்றும் உறுத்தல்தான். நோட்டீஸ் கொடுத்து, அந்தந்தக் குடும்பத்தை அந்தந்த வார்டு அதிகாரி உட்கார வைத்துக் கேட்பதும், டெல்லியில் ஐந்து நீதிபதிகள் வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்பதும் ஒன்றல்ல.

கேட்காமல் வீட்டை இடித்த வழக்கு சட்ட வரலாற்றில் இதுவே முதல் அல்ல. 1863இல் லண்டனில் கூப்பர் என்பவர், கட்டப்போவதை ஏழு நாள் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று சொல்லி, வான்ஸ்வொர்த் வட்டார வாரியம் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டை இடித்துத் தள்ளியது. இடிக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது, கேட்டுவிட்டு இடி என்ற வரிதான் இல்லை. அந்த வரி இல்லாவிட்டாலும் சட்டமன்றம் விட்டதை, நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த பொதுச் சட்டத்தின் நீதி நிரப்பிக்கொள்ளும் என்று தீர்ப்பு வந்தது. அதில் பழைய வழக்கொன்றின் வாசகத்தை எடுத்துக்காட்டினார்கள்: ஆதாமைத் தோட்டத்தை விட்டுத் துரத்துவதற்கு முன் கடவுளே "ஆதாமே, எங்கே இருக்கிறாய்? உண்ணாதே என்ற கனியை உண்டாயோ?" என்று கேட்டாராம். எல்லாம் தெரிந்த கடவுளே கேட்டார் என்றால், எல்லாம் தெரியாத வட்டார வாரியம் கேட்காமல் இருக்கலாமா?

இப்படி வளர்ந்ததைத்தான் நம் நீதிமன்றங்கள் இயற்கை நீதி என்கின்றன. சுருக்கமாக இரண்டு கோட்பாடுகள். ஒன்று, பாதிக்கப்படுபவரைக் கேள். இரண்டு, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்காதே. இரண்டாவதற்கு 1969இல் வந்த கிரைபக் வழக்கைச் சொல்வார்கள். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்வு செய்த குழுவில், வனத்துறைத் தலைமை அதிகாரியாகப் பொறுப்பில் இருந்தவரும் ஓர் உறுப்பினர். அவரே ஒரு போட்டியாளரும்கூட. தன் பெயர் வந்தபோது மட்டும் வெளியே போய்விட்டார். போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உள்ளேதான் இருந்தார். தேர்வு முழுவதையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நிர்வாக முடிவு வேறு, நீதிமன்றம் மாதிரியான முடிவு வேறு, அதனால் அலுவலகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்று அதுவரை சொல்லப்பட்டுவந்த வாதமும் அத்தோடு பெரும்பாலும் அடங்கிப்போனது.

நம் அரசியல் சாசனத்தில் 'உரிய சட்ட நடைமுறை' என்ற, நடைமுறை நியாயமானதா என்று நீதிபதிகள் சோதிக்க இடம்தரும் அமெரிக்கத் தொடர் கிடையாது. முதல் வரைவில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனபோது, அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், அந்தத் தொடர் மக்களாட்சிக்கு ஒத்துவராத அதிகாரத்தை நீதிபதிகளிடம் கொடுத்துவிடும் என்று எச்சரித்தார். சென்னையிலிருந்து போன சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அந்தத் தொடரை விட்டுவிடுவதன் பக்கமே நின்றார். கடைசியில், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று வந்தது.

அதன் விளைவை முதலில் அனுபவித்தவர் சென்னை மாகாணச் சிறையில் இருந்தவர், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1950இல் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அவரை அடைத்துவைத்தபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? தன்னை எந்தக் காரணத்துக்காக அடைத்தார்கள் என்பதைக் காவலில் இருப்பவர் நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றது. அந்த ஒரு பிரிவை நீதிபதிகள் அடித்துவிட்டார்கள். மற்றபடி, சட்டமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவைத்திருந்தால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. நடைமுறை என்றாலே நோட்டீசும் கேட்கப்படும் வாய்ப்பும் அதில் அடங்கும் என்று மாறாகச் சொன்னவர் நீதிபதி ஃபஸ்ல் அலி.

அவர் சொன்னது பலிக்க 28 ஆண்டுகள் ஆயின. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லி அரசு கடிதம் அனுப்பியது. ஏன் என்று கேட்டார். 'பொதுமக்கள் நலன் கருதி' காரணம் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. 1978 ஜனவரியில் வந்த தீர்ப்பில், நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது சரியானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும், அதிகாரியின் மனம்போன போக்காக இருக்கக் கூடாது என்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்மானித்தது. எடுத்துப்போட்ட அந்தத் தொடர் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

அலுவலகத்தில் இதெல்லாம் ஒரு தாளாகத்தான் வந்து சேர்கிறது. எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு ஒரு முறை ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. துணைக்கு நானும் போனேன். நோட்டீசில் போட்டிருந்த தேதி மாதத்தின் 4. கைக்கு வந்தது 16. 'இந்தத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால், சொல்வதற்கு ஒன்றுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அச்சடித்த வாசகம். அதாவது அவருக்கு மீதி இருந்தது மூன்று நாள். எந்த இடம், எவ்வளவு நீளம் அகலம் என்று போட வேண்டிய கட்டங்களில் சர்வே எண் மட்டும் இருந்தது, உட்பிரிவு எண் இல்லை. நல்லவேளையாக உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதன் மேலிருந்த தபால் முத்திரைதான் தாமதத்துக்கு ஒரே சாட்சி. பதில் மனுவின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு முத்திரையும் கையெழுத்தும் வாங்க இரண்டு மணி நேரம் நின்றோம். விசாரணை நாளில் அதிகாரி கோப்பைப் பார்த்துக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னபோது அந்த அம்மா நகரவில்லை. "ஐயா, கொஞ்சம் நான் சொல்றதையும் கேளுங்கய்யா" என்றார். கேட்டார்கள். புலப்படத்தை எடுத்து விரித்ததும் நோட்டீசில் சொன்ன இடம் பக்கத்து உட்பிரிவு என்று தெரிந்தது. மறு அளவீட்டுக்கு உத்தரவானது.

இத்தனைக்கும் நம் மாநிலத்தின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905இல் வெள்ளைக்காரர்கள் போட்டது. அதிலேயே 7ஆம் பிரிவு, வெளியேற்றுவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்கிறது. கேட்பது என்றால் என்ன என்பதில்தான் கோளாறு. குற்றச்சாட்டு புரியும்படி இருக்க வேண்டும். எதை வைத்துச் சொல்கிறார்களோ அந்த ஆவணத்தின் நகல் கிடைக்க வேண்டும். படித்துப் பதில் எழுத நாள் வேண்டும். சொன்னதை எடைபோட்டார்கள் என்பது ஆணையிலேயே தெரிய வேண்டும். 'மனுதாரரின் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்ற ஒற்றை வரியைக் காரணம் என்று சொல்ல முடியாது. 1977 டிசம்பரில் மோகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் இதைக் கறாராகச் சொன்னார். ஆணை எந்தக் காரணத்தோடு பிறந்ததோ அந்தக் காரணத்தை வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும். வழக்கு வந்தபின் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்க்க முடியாது.

முதலில் செய்துவிட்டு அப்புறம் கேட்டால் போதாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். அவசர வேளைகளில் நீதிமன்றங்கள் அதை ஏற்றதும் உண்டு. மேனகா காந்தி வழக்கிலேயே, பிறகு கேட்கிறோம் என்று அரசு தந்த உறுதியை ஏற்றுக்கொண்டுதான் முடித்தார்கள். ஆனால் 1987இல், வங்கிகள் இணைப்பில் வேலை இழந்த ஊழியர்களின் வழக்கில், ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதையே நிலைநாட்டப் பார்ப்பதுதான் இயல்பு, பிறகு கொடுக்கும் வாய்ப்பால் பெரிதாகப் பலன் இராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கண்ணகிக்குக் கிடைத்தது முழுமையான விசாரணை. அரசன் பேசவிட்டான், சான்றைக் கொண்டுவரச் சொன்னான், சிலம்பை உடைத்துப் பார்க்கவிட்டான், தன் தவற்றையும் ஒப்புக்கொண்டான். கோவலன் கொலையுண்ட பிறகு. சென்னையில் கூவம் கரையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த குடியிருப்பு ஒன்றுக்குக் கண்ணகி நகர் என்று பெயர். அந்தப் பெயர்ப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசைமாற்றம்தான் நினைவுக்கு வரும்.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, ஒருவர் மீது குற்றச்சாட்டு வந்தவுடன் அவர் வீட்டை புல்டோசர் கொண்டு இடிக்கும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குற்றம் செய்தாரா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. அதற்குத் தண்டனையாக வீட்டை இடிக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை என்றது. கூடவே நடைமுறையையும் வரி வரியாக எழுதிவைத்தது. பதிவுத் தபாலில் நோட்டீஸ், வீட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டும். குறைந்தது 15 நாள் அவகாசம். நேரில் விசாரணை, அங்கே பேசியதற்குக் குறிப்பு. இறுதி ஆணையில், இடிப்பது தவிர வேறு வழியே இல்லையா, கட்டணம் வாங்கி முறைப்படுத்த முடியாதா என்பதற்கு விடை. ஆணைக்குப் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறினால் இழப்பை அதிகாரி தன் கையிலிருந்து கொடுக்க நேரும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. நோட்டீஸ் கொடுத்த உடனே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும், கிடைத்தது என்று அங்கிருந்து தானாக ஒரு பதில் வர வேண்டும். பின்தேதி போட்டு நோட்டீஸ் தயாரித்தார்கள் என்ற புகாருக்கே இடமில்லாமல் செய்ய இந்த ஏற்பாடு. 4ஆம் தேதி போட்டு 16ஆம் தேதி வந்த தாளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தென்னாப்பிரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1996 அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவுப்படி, எல்லாச் சூழ்நிலைகளையும் கருதிப் பார்த்து ஒரு நீதிமன்றம் ஆணையிட்டாலொழிய யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றவோ அவர் வீட்டை இடிக்கவோ முடியாது. அங்கே வரிசை சாசனத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் நம் 2024 தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியில்லாமல் கட்டியவற்றுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்த வழிமுறைகள் பொருந்தாது. நகரத்தில் ஏழைகள் ஒதுங்கி வாழும் இடங்களின் பட்டியலைக் கேட்டால் நாம் சொல்லக்கூடியதும் கிட்டத்தட்ட இதேதான். சேலத்திலிருந்து போன அந்தக் குடும்பம் இன்று அதே நெடுஞ்சாலை ஓரத்தில் கித்தான் கட்டியிருந்தால், அவர்களுக்கு அந்த 15 நாள் கிடையாது, ஆட்சியருக்கு மின்னஞ்சலும் போகாது. அவர்கள் காட்டக்கூடியது ஐந்து நீதிபதிகள் எழுதிய 1985 தீர்ப்பைத்தான். சாதாரணமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னதை 2024 தீர்ப்பு மாற்றவில்லை, இரண்டு பேர் அமர்வு மாற்றவும் முடியாது. இடிக்க வந்து நிற்கும் அதிகாரியிடம் அதைச் சொல்ல அந்தக் காலை நேரத்தில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.